பிடித்த ஃபேண்டசி நாவல் கதாபாத்திரத்தின் உடையை நாமே தைப்பது எப்படி?

மெஷினில் நேர்த்தையல் போடும் அளவுக்குத்தான் பழக்கம், அந்த நாவல் இன்னும் படமாக வரவில்லை, புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேர்த்தையல் தாராளமாகப் போதும். படம் வராததும் நல்லதுதான். சினிமாவில் வந்த உடையைத் தைப்பவர்கள் ஒவ்வொரு பட்டனுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

முதல் வேலை, பென்சிலும் கையுமாகப் புத்தகத்தை இன்னொரு முறை படிப்பது. அந்த ஆள் என்ன போட்டிருக்கிறார் என்று வரும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். மின்னூலாக இருந்தால் ‘பொத்தான்’, ‘காலணி’, ‘முக்காடு’ என்று தேடினாலே போதும். தடித்த நாவலில்கூட எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் தேறினால் அதிகம். சில தொடர்களில் முதல் பாகத்தில் சாம்பல் நிறமாக இருந்த மேலங்கி மூன்றாம் பாகத்தில் பச்சையாகிவிடும். எழுதியவருக்கே நினைவில்லை என்றால், நீங்கள் எந்த நிறத்தை எடுத்தாலும் யாரும் சண்டைக்கு வர முடியாது.

உடையைப் பற்றிப் புத்தகம் சொல்லாமல் விட்டதை, அந்த ஆளின் பிழைப்பைப் பற்றிச் சொன்னதிலிருந்து எடுக்க வேண்டும். நான் தைத்தது, மலைக்கணவாய் வழியாக வணிகர்களைக் கூட்டிப்போகும் ஒரு வழிகாட்டிப் பெண்ணின் உடை. சாம்பல் நிற மேலங்கி, அதில் ஓர் ஒட்டு, இடுப்பில் கத்தி. புத்தகத்தில் இருந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் கதையிலிருந்து வந்தது. பனியில் நடக்கிறாள், எனவே கம்பளித் துணி. பாறையில் ஏறுகிறாள், எனவே கீழ்விளிம்பு கணுக்காலுக்கு மேலேயே நிற்க வேண்டும். எப்போதும் வலது தோளில் கயிற்றுச் சுருளைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறாள், அப்படியானால் ஒட்டு அந்தத் தோளில்தான் விழும். கையில் காசு நிற்பதே இல்லை, ஆகவே வெல்வெட்டுக்கும் சரிகைக்கும் வேலை இல்லை. துணி வாங்கப் போவதற்கு முன்பே இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் இருந்தால் பாதி உடை முடிந்த மாதிரி. வீட்டில் தைத்த உடைகள் பல மேடை நாடக உடை போலத் தெரிவதற்குத் தையல் காரணமே இல்லை. இடையனுக்கும் இளவரசனுக்கும் ஒரே பளபளப்பான சாட்டின் எடுப்பதுதான் காரணம். அரசவைக் கதாபாத்திரமாக இருந்தாலும் மெல்லிய சாட்டின் வேண்டாம் என்பேன். ஃபிளாஷ் வெளிச்சத்தில் அது எண்ணெய் பூசியது போல மின்னும், தையலின் ஒவ்வொரு சுருக்கமும் படத்தில் தெரியும்.

கம்பளி என்று சொல்லி விற்பதெல்லாம் கம்பளி அல்ல. ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒரு கிடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், கரி தொட்டால் பொடியாகும். பருத்தியும் லினனும் காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும். பாலியெஸ்டர் கலந்ததை ஒதுக்க வேண்டும் என்பதில்லை, துவைக்கச் சுலபம். ஆனால் அது சாதாரணச் சாயம் பிடிக்காது, நெருப்பு பட்டால் உருகித் தோலில் ஒட்டும். மெழுகுவத்தி, தீப்பந்தம் வைத்துப் படம் எடுக்கும் ஆசை இருந்தால் இதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். பருத்தியும் லினனும் எடுத்தால் வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை நனைத்துக் காயப்போட்டு இஸ்திரி போட்டுவிடுங்கள். சுருங்குவது தைத்த பிறகு சுருங்கக் கூடாது.

உள்ளே போடும் நீளச் சட்டையிலிருந்து தொடங்கலாம். இதற்கு டார்ட் (உடலோடு ஒட்ட மடித்துத் தைக்கும் கூர்மடிப்பு), வளைவான கைக்குழி எதுவும் தேவையில்லை. ஐரோப்பிய மத்தியகாலச் சாயலில்தான் பெரும்பாலான ஃபேண்டசிக் கதைகள் நடக்கின்றன, அந்தக் காலத்து உடைகள் சில நிஜமாகவே கிடைத்திருக்கின்றன. 1921இல் கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறைத் தோட்டத்தைத் தோண்டியபோது உறைந்த மண்ணிலிருந்து கம்பளி உடைகள் வந்தன. 1936இல் சுவீடனில் ஒரு சதுப்பு நிலத்திலிருந்து எடுத்த மனித உடலில் 14ஆம் நூற்றாண்டுச் சட்டை, மேலங்கி, பின்னால் நீண்ட வால் தொங்கும் முக்காடு எல்லாமே இருந்தன. இரண்டு இடத்துச் சட்டைகளிலும் கீழ்ப்பக்க விரிவுக்கு முக்கோணத் துண்டுகளைத்தான் சேர்த்திருக்கிறார்கள். அருங்காட்சியகங்கள் வெளியிட்டிருக்கும் படங்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள், பயம் போய்விடும்.

மார்பு 36 இன்ச் என்றால் தளர்ச்சிக்கு 6 இன்ச் கூட்டி 42. அதில் பாதி 21, இரண்டு பக்கமும் தையலுக்கு அரை அரை இன்ச் விட்டு 22. அந்த அகலத்தில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு செவ்வகம். கைகளும் செவ்வகம்தான், மணிக்கட்டை நோக்கிக் கொஞ்சம் குறுக்கினால் போதும். இடுப்பிலிருந்து கீழ்விளிம்பு வரை பக்கத்துக்கு ஒரு முக்கோணம், அடியில் 10 அல்லது 12 இன்ச் அகலம். கழுத்தை முதலில் சிறியதாகவே வெட்டுங்கள், பெரிதாக்குவது எப்போதும் நம் கையில் இருக்கிறது.

இதில் கொஞ்சம் நிதானம் கேட்பது அக்குளில் வைக்கும் 5 இன்ச் சதுரத் துண்டு மட்டும்தான். அது இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது சட்டை முழுக்க மேலே ஏறும், வாளை ஓங்கினால் அக்குளில் கிழியும். சதுரத்தின் நான்கு மூலைகளிலும், ஓரத்திலிருந்து அரை இன்ச் உள்ளே சாக்கால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியில் தொடங்கிப் புள்ளியில் நிறுத்துங்கள், துணியின் விளிம்பு வரை ஓட்டக் கூடாது. புள்ளிக்கு வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துக்கொண்டு ஃபுட்டைத் தூக்கி, அடுத்த பக்கத்தை இழுத்து நேராக்கி, மறுபடி ஃபுட்டை இறக்குங்கள். மூலையில் சுருக்கு விழுந்தால் புள்ளியைத் தாண்டித் தைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த இரண்டு தையலைப் பிரித்தால் சரியாகிவிடும். நல்ல துணியில் கை வைப்பதற்கு முன் காடாத் துணியில் ஒருமுறை முழுச் சட்டையையும் ஓட்டிப் பார்ப்பது வீண் வேலை இல்லை. அதைப் பிரித்தால் அதுவே வெட்டுவதற்கு அளவு பீஸ்.

அப்புறம் மேலங்கி. ரசிகர் கூட்டத்துக்கு மேலங்கி மாட்டிக்கொண்டு போவது நம் காலத்துப் பழக்கம் அல்ல. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற அமெரிக்க ரசிகர் எதிர்கால உலகத்து உடையில் மேலங்கியோடு போனார். அவருக்கும் தனக்கும் சேர்த்து உடை தைத்தவர் கூடப் போன மர்டில் டக்ளஸ்.

முழு வட்டமா, அரை வட்டமா என்பதுதான் இங்கே முடிவு செய்ய வேண்டியது. கழுத்துச் சுற்று 18 இன்ச், கழுத்திலிருந்து கணுக்காலுக்கு மேல் வரை 50 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். அரை வட்டத்துக்கு 18ஐ 3.14ஆல் வகுத்தால் கழுத்து வளைவின் ஆரம் ஏறக்குறைய 5.7 இன்ச். நீளத்தோடு சேர்த்தால் 56க்குப் பக்கம். 58 இன்ச் அகலத் துணியில் 3 மீட்டரில் முடிந்துவிடும், கீழ்விளிம்பு நாலரை மீட்டர். முழு வட்டத்துக்கு 6.28ஆல் வகுக்க வேண்டும், நீளத்தோடு சேர்த்து ஆரம் 53 இன்ச் வரும். துணி ஐந்தரை மீட்டர், மடித்துத் தைக்க வேண்டிய விளிம்பு எட்டரை மீட்டர். முழு வட்டம் காற்றில் அழகாகத்தான் விரியும். ஆனால் தடித்த கம்பளியில் அதன் பாரம் தோளுக்கு மட்டும்தான் தெரியும். முதல் உடைக்கு அரை வட்டமே போதும்.

வெட்டியதும் விளிம்பு மடிக்க உட்காராதீர்கள். வட்டத் துணியில் குறுக்காக விழும் பகுதி தன் எடையிலேயே கீழே இறங்கும். ஒரு நாள் முழுக்க ஹேங்கரில் தொங்கவிட்டு, பிறகு மாட்டிக்கொண்டு நின்று, இன்னொருவரைத் தரையிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்து சாக்கால் கோடு போடச் சொல்லுங்கள். முக்காட்டை இரண்டு துண்டாக வெட்டாமல், நெற்றியிலிருந்து பிடரி வரை நடுவில் 4 இன்ச் பட்டை வைத்து மூன்று துண்டாகத் தைத்தால் தலையில் உட்காரும். இரண்டு துண்டு முக்காடு உச்சியில் கூம்பாக நிற்கும். கூம்புத் தலை வேண்டிய கதாபாத்திரம் என்றால் சரி.

நிறையப் பேர் கவனிக்காதது, மேலங்கி பின்னால் இழுத்துக் கழுத்தை அறுக்கும் என்பது. முன்னால் இருக்கும் கொக்கி பார்வைக்கு மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் இரண்டு தோளிலும் ஒவ்வொரு நீளமான நாடா தைத்து, அவற்றை மார்பில் குறுக்காகக் கொண்டுபோய் முதுகுப் பக்கம் முடிந்துவிட்டால் பாரம் தோளில் இறங்கும். ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

சாதாரணத் துணிக்கு 14 நம்பர் ஊசி, தடித்த கம்பளிக்கு 16. ரெக்ஸினில் குண்டூசி குத்தினால் ஓட்டை மறையாது, கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். மெஷின் ஃபுட் அதில் ஒட்டி நகராமல் நின்றால் ஃபுட்டின் அடியில் கொஞ்சம் டேப் ஒட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். கவசம் வேண்டுமென்றால் ஃபோம் ஷீட்டில் செய்யலாம். அது தனிக் கதை. அதற்கான பசையை ஜன்னல் திறந்த அறையில், நெருப்பு இல்லாத இடத்தில் மட்டும் எடுங்கள்.

எல்லாம் தைத்து முடித்தபின் உடை புத்தம் புதிதாக, கடையில் தொங்குவது போல இருக்கும். கதையில் அந்த ஆள் எவ்வளவு மழை, எவ்வளவு சேறு பார்த்திருக்கிறார்! இந்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. உப்புத்தாளை எடுத்து முழங்கை, கை விளிம்பு, கீழ்விளிம்பு, இடுப்பு வார் உரசும் இடம் ஆகியவற்றை மட்டும் தேய்க்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்த்தால் பொய் தெரிந்துவிடும். என் வழிகாட்டிப் பெண்ணுக்கு வலது தோள் ஒட்டில் கயிறு உரசும் திசையில், சாய்வாக மட்டும் தேய்த்தேன். இழை பஞ்சு போல எழும்பியதும் நிறுத்திவிட வேண்டும். வெள்ளைப் பருத்திச் சட்டையைக் கெட்டியான தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்தால் பழுப்பேறும், பாலியெஸ்டரில் இது நடக்காது. சேற்றுக்கு, நீர்த்த பழுப்பு அக்ரிலிக் பெயின்டைப் பழைய டூத்பிரஷில் தொட்டுக் கீழிருந்து மேலாகத் தெறியுங்கள். முழங்காலுக்கு மேல் போகக் கூடாது, நடக்கிறவர் காலில் சேறு அவ்வளவுதான் ஏறும்.

போடும் நாளுக்கு முன் வீட்டிலேயே ஒருமுறை முழுதாக மாட்டிக்கொண்டு உட்காருங்கள், படி ஏறுங்கள், கழிப்பறைக்குப் போய்வாருங்கள். பக்கத் தையலுக்குள் போனுக்கு ஒரு பாக்கெட் வைத்திருந்தால் அன்றைக்கு நிம்மதி. கத்தி, வில் போன்றவற்றுக்கு நிகழ்ச்சிகளில் தனி விதிகள் இருக்கும், முன்பே படித்துவிடுங்கள். அந்தப் பாக்கெட்டிலேயே நாலு ஊக்கும், மேலங்கி நிறத்தில் நூல் கோத்த ஊசி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாராவது உங்கள் விளிம்பை மிதிக்காமல் இருக்கப்போவதில்லை.