நாலு வாரப் புத்தகம், ஆறு வார ஓவியர்

காமிக்ஸ் ஏன் சொன்ன தேதிக்கு வருவதில்லை, ஓடிக்கொண்டிருக்கும் தொடரில் ஓவியர் ஏன் மாறுகிறார்? இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் சுற்றித்தான். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம். கோபமாக எழுதியவர்களின் கோபத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறோம்.

அமெரிக்க மாத இதழ் என்பதே இருபது பக்கம்தான். ஒரு மாதத்தில் அதைக்கூட வரைய முடியாதா? இது சோம்பல் இல்லாமல் வேறென்ன? (வாசகர், கோவை)

கணக்கு சார், வெறும் கணக்கு. ஒரு பக்கத்தில் ஐந்தாறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஆட்கள், அறை, தெரு, கார். நுணுக்கமாக வரைகிற ஒருவர் பென்சிலில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் முடித்தாலே நல்ல வேகம். இருபது பக்கமும் அட்டையும் சேர்த்து 21 நாள். மாதத்தில் வேலை நாட்கள் சுமார் 22. ஒரு காய்ச்சல் வந்தால் கணக்கு முடிந்தது. மையும் தானே தீட்டுகிறவர் என்றால் பக்கத்துக்கு ஒன்றரை நாள் ஆகும். அதாவது இதழுக்கு ஆறு வாரம்.

இதழ் வருவது நாலு வாரத்துக்கு ஒரு முறை, ஓவியருக்கு வேண்டியது ஆறு வாரம். முதல் இதழ் கடைக்கு வரும் நாளில் மூன்று இதழ்கள் வரைந்து முடிந்து கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வண்ணம், வசன எழுத்து, அச்சு, விநியோகம் எல்லாவற்றுக்கும் நாலு வாரம். நாலாவது இதழ் வர வேண்டியது 12-ஆம் வாரம். பத்தாம் வாரமே தயார், இரண்டு வாரம் மிச்சம். ஐந்தாவது 16-ஆம் வாரம் வர வேண்டும், சரியாக அன்றைக்குத்தான் தயாராகும். ஆறாவதில் இரண்டு வாரம் தாமதம், ஏழாவதில் நாலு வாரம். பன்னிரண்டாவது வரும்போது மூன்று மாதத்துக்கு மேல் பின்தங்கியிருக்கும். முதல் ஐந்து இதழ்கள் சொன்னபடி வந்ததால் வாசகர் நம்பிவிடுகிறார். கதை சூடு பிடிக்கும்போதுதான் தாமதம் தொடங்குகிறது. பதிப்பாளர் வேண்டுமென்றே இழுப்பதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

மூன்றுக்குப் பதில் ஐந்து இதழ்கள் கையிருப்பில் இருந்திருந்தால் பதினோராவது வரை ஒரு நாள்கூடத் தவறாது. பிறகு ஏன் அப்படிச் செய்வதில்லை? ஒரு பைசா வரவு வருவதற்கு முன்பே கூடுதலாக மூன்று மாத ஊதியம் ஓவியருக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தை முடக்கப் பல பதிப்பகங்களுக்கு மனம் வருவதில்லை.

தாமதமானால் காத்திருப்பது சரியா, வேறு ஓவியரை வைத்து முடிப்பது சரியா? (வாசகி, திண்டுக்கல்)

இரண்டையும் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கப் பதிப்பகமான மார்வெலின் 'சிவில் வார்' ஏழு இதழ்த் தொடர், தொடங்கியது மே 2006. மாதம் ஒன்று வந்திருந்தால் நவம்பரில் முடிந்திருக்கும். ஓவியர் ஸ்டீவ் மெக்நிவனை மாற்றுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். கடைசி இதழ் பிப்ரவரி 2007-இல்தான் வந்தது. அந்தக் கதையோடு பின்னிய மற்ற இதழ்களும், ஸ்பைடர்மேனின் மாத இதழ் உட்பட, நிற்க வேண்டியதாயிற்று. அவை முதலில் வந்தால் மூலக் கதையின் திருப்பம் வெளியாகிவிடும். ஒருவர் பின்தங்கியதில் ஒரு வரிசையே நின்றது. கடைக்காரர்களும் வாசகர்களும் கொதித்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து, போட்டிப் பதிப்பகமான டி.சி. 'ஃபைனல் க்ரைசிஸ்' தொடரில் எதிர்வழியில் போனது. முதல் மூன்று இதழ்கள் ஜே. ஜி. ஜோன்ஸ். நாலாவதிலிருந்து கார்லோஸ் பச்சேகோ கை கொடுத்தார். ஆறாவதில் பல கைகள். ஏழாவது, கதை முடிகிற இதழ், டக் மாங்கி வரைந்தது. இத்தனைக்கும் மாங்கி சளைத்தவர் அல்ல, அந்த இதழைத் தனியாகப் பார்த்தால் பிரமாதம். ஆனால் ஜோன்ஸின் முகங்களோடு தொடங்கிய வாசகர் வேறு முகங்களோடு விடைபெற வேண்டியிருந்தது.

இன்று இரண்டும் தொகுப்பாகக் கிடைக்கின்றன. 'சிவில் வார்' தொகுப்பில் அந்தத் தாமதம் எங்கே இருந்தது என்று தேடினாலும் கிடைக்காது. 'ஃபைனல் க்ரைசிஸ்' தொகுப்பில் ஓவியர் மாறும் இடம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஆகவே ஆரம்பமும் முடிவும் உள்ள குறுந்தொடருக்குக் காத்திருப்பதே மேல் என்பது எங்கள் கட்சி. முடிவே இல்லாமல் ஓடும் மாத இதழுக்கு அது பொருந்தாது. அங்கே நடுவில் வேறு ஒருவர் ஒரு தனிக்கதை வரைந்து கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

எப்போதுமே பழி ஓவியர் மேல்தானா? (வாசகர், ஓசூர்)

நல்ல கேள்வி. 'அல்டிமேட் வுல்வரின் வெர்சஸ் ஹல்க்' தொடரின் இரண்டாவது இதழ் பிப்ரவரி 2006-இல் வந்தது, மூன்றாவது மார்ச் 2009-இல். மூன்று வருடம்! ஓவியர் லெய்னில் யூ தயாராகத்தான் இருந்தார். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மூழ்கியிருந்த எழுத்தாளரிடமிருந்து கதை வரவில்லை.

ஒரே இதழுக்குள் பாதியில் வேறு ஆள் வரைந்திருக்கிறார் என்று சந்தேகம். பெயர்ப் பட்டியலில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், திருநெல்வேலி)

முதலில் பெயர்ப் பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள். 'லேஅவுட்ஸ்' என்று ஒருவர், 'ஃபினிஷஸ்' என்று இன்னொருவர் என்றிருந்தால், முதலாமவர் கட்டங்களைப் பிரித்து உருவங்களை மேலோட்டமாகப் போட்டிருக்கிறார், மீதி வேலை இரண்டாமவருடையது. மை தீட்டியவர்கள் என்று மூன்று நாலு பெயர்கள் வரிசையாக இருந்தால், கடைசி வாரத்தில் பக்கங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

பட்டியல் உதவாவிட்டால் காதைப் பாருங்கள். முகத்தை எல்லோரும் கவனமாக நகல் எடுப்பார்கள், காதை யாரும் எடுப்பதில்லை. காது மடலின் உள்கோடுகள் ஒவ்வொருவர் கையெழுத்து மாதிரி. அடுத்து விரல் மடங்கும் இடம், சட்டை முழங்கையில் விழும் மடிப்பு. பிறகு நிழல்: முதல் பத்துப் பக்கங்களில் மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் காட்டிய நிழல், பதினோராம் பக்கத்திலிருந்து தட்டையான கறுப்பாக மாறியிருந்தால் கை மாறியிருக்கிறது. அல்லது அதே கை அவசரத்தில் இருந்திருக்கிறது.

அந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அவசரம் என்றால் முதலில் காணாமல் போவது பின்னணி. சுவரும் ஜன்னலும் மறைந்து வெறும் வண்ணம் நிற்கும். பக்கத்துக்கு ஆறு கட்டம் மூன்றாகும். ஆட்கள் இருட்டில் நிழலுருவமாக நிற்பார்கள். காது மட்டும் அதே காதாக இருக்கும். ஆள் மாறியிருந்தால் பின்னணி எல்லாம் ஒழுங்காக இருக்கும், காது வேறாக இருக்கும்.

தாமதத்தால் வெறுத்து, தனி இதழ் வாங்குவதை விட்டுவிட்டேன். தொகுப்பு வந்தபின் வாங்கிக்கொள்கிறேன். இதில் யாருக்காவது நஷ்டமா? (வாசகர், சான் ஹோசே, அமெரிக்கா)

உங்களுக்கு இல்லை, கடைக்காரருக்கு உண்டு. உங்கள் ஊர் காமிக்ஸ் கடை, இதழ் வருவதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்பே விவரப் பட்டியலைப் பார்த்து எண்ணிக்கை சொல்கிறது. விற்காததைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதுதான் அந்த வியாபாரத்தின் அடிப்படை. பட்டியலில் ஓவியர் பெயர் போட்டிருக்கும், அந்தப் பெயரை நம்பித்தான் அவர் நாற்பதா நானூறா என்று முடிவு செய்கிறார். சொன்ன ஓவியர் வராவிட்டாலோ இதழ் ரொம்பத் தள்ளிப் போனாலோ, திருப்பி எடுத்துக்கொள்ளும் சலுகையைப் பதிப்பகங்கள் கொடுப்பதும் அதனால்தான்.

நீங்கள் நிறுத்துவதில் தப்பில்லை, சொல்லாமல் நிறுத்துவதுதான் தப்பு. அச்சுக்குப் போகும் முன், வெளியீட்டுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, எண்ணிக்கையை மாற்ற ஒரு கடைசி நாள் உண்டு. அதற்கு முன் சொல்லிவிட்டால் உங்கள் பிரதி அவர் தலையில் விழாது. எந்த வாரம் என்று கவுன்ட்டரில் கேட்டால் அவரே சொல்லிவிடுவார்.

இன்னொன்றும் யோசியுங்கள். இமேஜ் பதிப்பகம் வெளியிடும் 'சாகா' தொடர் ஆறு இதழ் வந்ததும் சில மாதம் நின்றுவிடும், ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். ஃபியோனா ஸ்டேப்பிள்ஸ் ஒருவரே வரைகிறார். ஜூலை 2018-இல் 54-ஆம் இதழோடு நிறுத்தியவர்கள் ஜனவரி 2022-இல்தான் 55-ஐக் கொண்டுவந்தார்கள். மூன்றரை வருடம். நிறுத்துகிறோம் என்று சொல்லிவிட்டு நிறுத்தியதால் வாசகர்கள் திட்டவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தடித்திருந்தால் ஆறே மாதத்தில் பாதிப் பேர் போயிருப்பார்கள்.

லயன் காமிக்ஸில் வரும் டெக்ஸ் வில்லர் தொடரில் கதைக்குக் கதை வேறு வேறு ஓவியர். அதற்கு யாரும் சண்டை போடுவதில்லையே, ஏன்? (வாசகர், சேலம்)

சண்டை போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கடிதங்கள் எங்களிடம் பத்திரமாக உள்ளன! ஆனால் அமெரிக்கக் கோபத்தின் அளவுக்கு இல்லை என்பது உண்மை. 1948-இல் பிறந்த டெக்ஸ், இத்தாலியில் மாதம் 110 பக்கம் கறுப்பு-வெள்ளையில் வருகிறது. மாதம் 110 பக்கத்தைத் தனி ஒருவரால் வரைய முடியாது என்பது யாருக்கும் தெரியும். அதனால் ஒரே நேரத்தில் பல ஓவியர்கள் தனித்தனிக் கதைகளை, சில சமயம் வருடக்கணக்கில், வரைந்துகொண்டிருப்பார்கள். முடிந்த கதைதான் வரிசையில் சேரும். ஒருவர் பின்தங்கினால் வேறொரு கதை முன்னால் போகும். கதை நடுவில் கை மாறாது என்பதுதான் வாசகருக்குத் தரப்படும் உத்தரவாதம். அட்டையை மட்டும் ஒருவரே கவனித்துக்கொள்வார்: 400-ஆம் இதழ் வரை கலெப்பினி, அதற்குப் பின் கிளாடியோ வில்லா. கடையில் பார்த்ததும் தெரிவது அட்டை முகம்தானே.

'இரத்தப் படலம்' பிற்பகுதியில் சித்திரம் வேறாகத் தெரிகிறதே? (வாசகி, ஈரோடு)

உங்கள் கண் சரி. நினைவிழந்த, உடம்பில் 13 என்று பச்சை குத்தப்பட்ட நாயகனின் அந்த பெல்ஜியத் தொடரை 1984-இல் தொடங்கியவர்கள் எழுத்தாளர் வான் ஹாம், ஓவியர் வில்லியம் வான்ஸ். 2007-இல் 19-ஆம் ஆல்பத்தோடு அந்தச் சுற்றை முடித்தார்கள். 18-ஆம் ஆல்பம் மட்டும் ஜான் ஜிரோ வரைந்தது. தமிழில் 'கேப்டன் டைகர்' என்று வந்த தொடரை வரைந்த அதே ஜிரோதான். பார்க்கின்சன் நோயால் வான்ஸ் ஓய்வு பெற, 2011-இல் 20-ஆம் ஆல்பத்திலிருந்து யூரி ஜிகுனோவ் வரைகிறார். வான்ஸின் கோணங்களை அவர் நெருங்கிப் பிடித்திருக்கிறார். கோடுதான் இன்னும் மெலிது.

ஜப்பானில் இந்தத் தொல்லை இல்லையா? (வாசகர், புதுச்சேரி)

நிறையவே உண்டு. அங்கே பல தொடர்கள் வார இதழில் வருகின்றன. வாரத்துக்குப் பத்தொன்பது பக்கம் என்றால் உதவியாளர்கள் இருந்தாலும் முதுகு போய்விடும். 'ஹண்டர் × ஹண்டர்' வரையும் டொகாஷிக்கு அப்படித்தான் ஆயிற்று. நவம்பர் 2018 முதல் அக்டோபர் 2022 வரை ஒரு அத்தியாயம்கூட இல்லை. இடையில் அவர் ட்விட்டரில் பக்க எண்ணோடு வேலை நிலவரத்தைப் போடத் தொடங்கியதும் ரசிகர்கள் தினமும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

'பெர்செர்க்' வேறு கதை. அதை எழுதி வரைந்த மியுரா மே 2021-இல் இறந்தார். முடிவை அவர் வாயால் கேட்டிருந்த நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில், மியுராவின் உதவியாளர்களான ஸ்டுடியோ காகா ஜூன் 2022 முதல் தொடர்கிறார்கள். மியுரா சொன்னதை மட்டும் எழுதுவேன், தானாக எதையும் சேர்க்க மாட்டேன் என்று மோரி முதலிலேயே அறிவித்தார். அந்த அறிவிப்புக்குப் பிறகுதான் பலர் திரும்பப் படிக்க வந்தார்கள்.

நாங்கள் மூன்று நண்பர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, 24 பக்க வண்ண காமிக்ஸ் கொண்டுவரப் போகிறோம். வரைபவர் வேலைக்குப் போகிறவர், சனி ஞாயிறுதான் நேரம். யோசனை சொல்லுங்கள். (வாசகர், விருதுநகர்)

வாரம் இரண்டு பக்கம் என்றால் 24 பக்கத்துக்குப் பன்னிரண்டு வாரம். மூன்று மாதம் அதிலேயே தீர்ந்தது. வண்ணத்துக்கும் எழுத்துக்கும் அச்சுக்கும் நாள் இல்லை. பக்கத்தை 16 ஆக்குங்கள், அல்லது நாலு மாதத்துக்கு ஒன்று என்று அறிவியுங்கள். இரண்டாவது இதழ் பாதி வரைந்து முடியும் வரை முதலாவதை வெளியிடாதீர்கள்.

வரையத் தொடங்கும் முன் எல்லாப் பக்கங்களையும் உள்ளங்கை அளவில் கிறுக்கி, வசனப் பலூன் விழும் இடத்தைக் குறித்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் பிறகு பலூனுக்கு இடமில்லாமல் கதாநாயகன் தலையை மறைக்கிறார்கள். கோட்டோவியம் 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி), வண்ணம் 300, ஓரத்தில் வெட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் கூடுதல். எழுத்து எப்போதும் தனி லேயரில். நாலு பக்கத் தனிக்கதை ஒன்று முடித்துக் கையிருப்பில் இருக்கட்டும், நண்பருக்கு உடம்பு சரியில்லாத மாதத்தில் அது காப்பாற்றும். சிவகாசியில் அச்சடிப்பதானால் காலண்டர் சீசனுக்குள் மாட்டாமல் தேதி வாங்குங்கள். ஆடி தாண்டிவிட்டால் சின்ன வேலைகள் வரிசையில் கடைசிக்குப் போகும்.

என்றாவது வேறு ஒருவர் வரைய நேரலாம். அதற்காக இப்போதே ஒரு தாள் தயார் செய்யுங்கள்: ஒவ்வொரு கதாபாத்திரத்தின் முகமும் முன், பக்கவாட்டு, முக்கால் கோணத்தில், எல்லோரும் வரிசையில் நிற்கும் உயர அளவு, எந்த நிப், எத்தனை மில்லிமீட்டர் கோடு, தோல், சட்டை, வாகனம் ஒவ்வொன்றுக்கும் அச்சு வண்ணக் கலவையின் சி-எம்-ஒய்-கே எண். வில்லனுக்குத் தழும்பு இருந்தால் இடது கன்னமா வலது கன்னமா என்று, அவன் இடதா நம் இடதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.