பள்ளிக்கூடத்தில் களவு போன பணம்

அன்புள்ள அக்கா,
என் மகள் தரம் 10இல் வகுப்புத் தலைவி. ரீச்சர் சொன்னபடி சுற்றுலாவுக்குப் பிள்ளைகளிடம் சேர்த்த 18,500 ரூபாயைப் பையில் வைத்துவிட்டு விளையாட்டுப் பாடத்துக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது பணம் இல்லை. "உங்கட பிள்ளையின் பொறுப்புத்தானே" என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதால் தோட்டை அடகு வைத்துக் கட்டிவிட்டோம். ஒரு பிள்ளை மீது சந்தேகம். எடுத்தவரைக் கண்டுபிடிக்க வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கச் சிலர் சொல்கிறார்கள். சட்டப்படி பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

அன்புள்ள தங்கச்சி,

முதலில் மை போடுவதை விடுங்கள். வெற்றிலையில் எந்த முகம் தெரிந்ததாகச் சொன்னாலும் எந்த நீதிமன்றமும் அதை ஏற்காது. ஆனால் அந்தப் பிள்ளையின் பெயர் ஊரெல்லாம் பரவிவிடும். அது பொய்யாக இருந்தால் நீங்கள்தான் மானநட்ட வழக்குக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். அதைவிட, அந்தப் பிள்ளை எந்த முகத்தோடு மறுபடி வகுப்புக்குப் போகும்?

உங்கள் மகள் கடன்காரி இல்லை. பணம் சேர்ப்பதும் பூட்டி வைப்பதும் பெரியவர்களின் வேலை. அதைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் பையில் விட்டது யாருடைய கவனக்குறைவு? தன்னிடம் இருந்த பிறர் பணம் களவு போனால், தன் தவறு இல்லாதவர் அதைக் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் பொதுவான நியாயம். நடந்ததைத் திகதி, நேரம், தொகையுடன் அதிபருக்கு எழுதிக் கொடுத்து, நீங்கள் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி கேளுங்கள். ஒரு பிரதியைப் பட்டிருப்பு வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கட்டியதற்குப் பற்றுச்சீட்டு தரவில்லையென்றால் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பொலிஸ் முறைப்பாடு. அதற்குக் காசு இல்லை. முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதியிருந்தால், வாசித்து விளக்கும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகத்தைச் சந்தேகமாகவே சொல்லுங்கள், "அவள்தான் எடுத்தாள்" என்று சொல்ல வேண்டாம்.

பணம் அப்படியே கிடைத்தால் அது சான்றுப்பொருளாக நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். உரியவரிடம் கொடுக்க நீதவான் கட்டளையிடலாம். செலவழிந்துவிட்டாலும், குற்றம் நிரூபிக்கப்பட்டால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

எடுத்தது சிறு பிள்ளையென்றால் கதை வேறு. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளை செய்வது குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட வயதென்றால் பிள்ளையின் மனமுதிர்ச்சியைப் பார்ப்பார்கள். அதற்கு மேற்பட்ட சிறுவர்களின் வழக்கில் பெற்றோரைக் கட்டச் சொல்லவும் வழி இருக்கிறது. ஆனாலும், எடுத்த பிள்ளை யாரென்று தெரிந்தால் நான் முதலில் உங்களை அனுப்பும் இடம், பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபை. இந்தத் தொகைக்கு நேரே நீதிமன்றம் போவதைவிட அதுதான் முறை. கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து மாதத்துக்கு 2,000 என்று தவணையில் முடித்துக்கொள்ளலாம். பிள்ளை பொலிஸ் வாசலில் நிற்கத் தேவையில்லை. அது எதிராளியின் பிள்ளையென்றாலும் நமது ஊர்ப் பிள்ளைதானே.

காலத்தைக் கடத்தாதீர்கள். நட்டத்துக்காக வழக்குப் போட இரண்டு வருடம்தான் அவகாசம். பாடசாலை மறுத்தால் மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே உதவி கிடைக்கும். அரசாங்கத்துக்கு எதிராக வழக்குப் போடுவதென்றால் ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், அதையும் அவர்களே எழுதித் தருவார்கள்.

கடிதத்தில் மகள் என்ன சொல்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கே அவளைப் பக்கத்தில் இருத்தி, "இது உன்ர பிழை இல்லை" என்று சொல்லுங்கள். அந்த அதிபர் கடிதத்தையும் அவளோடு சேர்ந்தே எழுதுங்கள். நடந்தது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
அக்கா