யுனெஸ்கோ பட்டியலில் ஏறுவதும் இறங்குவதும்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் சிவன் கோயில் ஆயிரம் வருடப் பழசு. உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க யாருக்கு எழுத வேண்டும்?

பதில்: தனி ஆள் விண்ணப்பிக்க முடியாது. நாட்டின் அரசு முதலில் தன் உத்தேசப் பட்டியலில் சேர்க்க வேண்டும். குறைந்தது ஒரு வருடம் கழித்துத்தான் விண்ணப்பம். பழமை மட்டும் போதாது, உலகத்துக்கே முக்கியம் என்று நிரூபிக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் ஏறியது. கங்கைகொண்டசோழபுரமும் தாராசுரமும் 2004 வரை காத்திருந்தன.

கேள்வி: ‘ஜன கண மன’தான் உலகிலேயே சிறந்த தேசிய கீதம் என்று யுனெஸ்கோ அறிவித்ததாமே?

பதில்: பொய். ‘யுனெஸ்கோ அறிவித்தது’ என்று வாட்ஸப்பில் எது வந்தாலும் விசாரிக்காமல் அனுப்பாதீர்கள்.

கேள்வி: ஏறிய இடத்தை நீக்குவார்களா?

பதில்: மூன்று முறை நீக்கியிருக்கிறார்கள். ஓமானின் ஓரிக்ஸ் மான் சரணாலயம் (2007), ஜெர்மனியின் டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கு (2009), லிவர்பூல் துறைமுகம் (2021).

கேள்வி: பாலம் கட்டியதற்காகத்தானே டிரெஸ்டனை நீக்கினார்கள்? மக்கள் வாக்களித்துத்தானே அதைக் கட்டினார்கள்? பாரிஸில் இருக்கும் யுனெஸ்கோவுக்கு என்ன உரிமை?

பதில்: பாலத்தை யுனெஸ்கோ தடுக்கவில்லை, 2013இல் திறந்தார்கள். 2005 வாக்கெடுப்பை நானும் மதிக்கிறேன். ஆனால் 2004இல் பட்டியலில் ஏறியதே, அதைக் கேட்டதும் ஜெர்மனிதானே? ஆறும் கரையும் சேர்ந்து தெரியும் அந்தக் காட்சிக்காகத்தான் இடம் கிடைத்தது. பாலத்துக்குப் பதில் சுரங்கப்பாதை போடுங்கள் என்றுகூட யுனெஸ்கோ தரப்பில் சொல்லிப் பார்த்தார்கள்.

கேள்வி (அதே நண்பர்): அப்போ வெனிஸுக்கு மட்டும் சலுகையா?

பதில்: இதில் உங்கள் பக்கம்தான் நியாயம். 2023இல் வெனிஸை ஆபத்துப் பட்டியலில் (அழியும் ஆபத்தில் இருக்கும் பாரம்பரிய இடங்களின் பட்டியல்) சேர்க்கச் சொல்லி யுனெஸ்கோ பரிந்துரைத்தது, முடிவெடுக்கும் உலகப் பாரம்பரியக் குழு ஏற்கவில்லை. 2021இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு விஷயத்திலும் இதே கதை. அந்த அரசு நாடு நாடாகப் போய் ஆதரவு திரட்டியது, முடிவு தள்ளிப்போனது. ஆய்வு செய்பவர்கள் நிபுணர்கள், முடிவெடுப்பவர்கள் அந்தக் குழுவில் இருக்கும் 21 நாடுகளின் பிரதிநிதிகள். இன்று உன் இடத்துக்கு நான், நாளை என் இடத்துக்கு நீ என்று கணக்குப் போடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஆபத்துப் பட்டியல் தண்டனை இல்லை, உதவிக்கான அழைப்பு. அதை அவமானமாக்கியது அரசுகள்தான்.

கேள்வி: யுனெஸ்கோவுக்கு ஏன் பணமில்லாமல் போனது?

பதில்: 2011இல் பாலஸ்தீனத்தை உறுப்பினராக்கியதும் அமெரிக்கா நிதியை நிறுத்தியது. அப்போது பட்ஜெட்டில் சுமார் 22 சதவீதம் அது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலுக்கு எப்படி விண்ணப்பிப்பது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள், மூன்றாவது ஆளாகக் கேட்கிறீர்கள். அதற்கு முன், திருப்பணி நடக்கிறதென்றால் சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்வது) செய்கிறார்களா என்று இன்றே போய்ப் பாருங்கள். கல்வெட்டு எழுத்து தேய்ந்தால் திரும்ப வராது.