'ஆன் டைம்', 'இன் டைம்': என்ன வேறுபாடு?

இரண்டையும் தமிழில் 'சரியான நேரத்துக்கு' என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 'ஆன் டைம்' என்றால் குறித்த நேரத்துக்கு, தாமதமில்லாமல். 'இன் டைம்' என்றால் காரியம் கைமீறிப் போவதற்குள்.

காலண்டரில் விரல் வைத்துக் காட்டக்கூடிய நாளுக்கு ஆங்கிலத்தில் 'ஆன்' வரும்: ஆன் மண்டே. மாதம், ஆண்டு மாதிரி நீளமான காலத்துக்கு 'இன்': இன் ஜூன். முன்னது ஒரு புள்ளியில் நிற்பது, பின்னது ஓர் எல்லைக்குள் இருப்பது. அதே பழக்கம்தான் இங்கேயும்.

ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் முகூர்த்தம் 9 முதல் 10.30 வரை. 9 மணிக்கே சடங்கைத் தொடங்கிவிட்டால் ஐயர் 'ஆன் டைம்'. (நடந்தால் சந்தோஷம்!) நீங்கள் 10.10க்கு மூச்சிரைக்க ஓடிவந்து, கெட்டிமேளம் கொட்டுவதற்குள் அட்சதையைக் கையில் வாங்கிவிட்டால் 'இன் டைம்'. மயிரிழையில் தப்பித்திருந்தால் முன்னால் ஒரு 'ஜஸ்ட்'.

அதனால்தான் 'தி டிரெய்ன் வாஸ் நாட் ஆன் டைம், பட் வி அரைவ்ட் இன் டைம் ஃபார் தி எக்ஸாம்' என்பதில் முரண் எதுவும் இல்லை. ரயில் தாமதம், ஆனாலும் தேர்வு தப்பவில்லை. எதற்குள் என்று சொல்ல, 'இன் டைம்' பின்னால் பெரும்பாலும் 'ஃபார்' அல்லது 'டு' வரும். தனியாக வந்தால் சில இடங்களில் 'போகப் போக' என்றும் பொருள்: 'யூ வில் லேர்ன் இன் டைம்'.

அப்புறம், 'இன் நோ டைம்' என்பதை 'நேரமே இல்லை' என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பொருள் 'நொடியில், மளமளவென்று'.