மாத்தூர் பாலமும் மைனஸ் குறியும்: நேர்கோட்டு இயக்கம் பற்றிய கேள்வி பதில்

பிளஸ் ஒன் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இயற்பியல் ஆசிரியரின் பதில்கள்.

குளச்சல் மாணவி: சார், தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் என்ன வித்தியாசம்?

கன்னியாகுமரி கண்ணாடிப் பாலத்தின் நீளம் 77 மீட்டர். விவேகானந்தர் பாறைப் பக்கமிருந்து வள்ளுவர் சிலைப் பக்கம் போய், அப்படியே திரும்பி வந்தால் நடந்த தொலைவு 154 மீட்டர். இடப்பெயர்ச்சி என்பது தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் நேர்கோட்டில் எவ்வளவு தள்ளி, எந்தத் திசையில் என்பது; இங்கே அது சுழி. பாதியில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பினால் தொலைவு 77 ஆகும். இடப்பெயர்ச்சி அப்போதும் சுழிதான்.

தக்கலையிலிருந்து ஒரு அம்மா: பஸ் நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டத்துக்கு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போய், 30-இல் திரும்புகிறதாம். சராசரி வேகம் 45 என்று எழுதிய பையனுக்கு மார்க் போடவில்லை.

போட முடியாதம்மா. தூரம் 30 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். போக அரை மணி, வர ஒரு மணி. மொத்தம் 60 கி.மீ., ஒன்றரை மணி நேரம்; வகுத்தால் 40. மெதுவாக வந்த நேரம்தானே அதிகம்? (நம்ம ரோட்டில் பஸ் 60-இல் போகுமா என்று கேட்காதீர்கள். அது கணக்குப் புத்தகத்து பஸ்.)

திருவட்டாறு மாணவன்: கல்லை நேர் மேலே எறிந்தால் உச்சியில் திசைவேகம் சுழி. அப்போ முடுக்கமும் சுழிதானே சாரே?

இல்லை மக்களே. திசைவேகம் என்றால் திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம்; அது ஒவ்வொரு நொடியும் மாறும் அளவுதான் முடுக்கம். நொடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் எறி. மேல்நோக்கிய திசை பிளஸ். ஒவ்வொரு நொடிக்கும் 9.8 கழித்துக்கொண்டே வா: 19.6, 9.8, 0, -9.8, -19.6. நடுவில் அந்த 0 வரும்போது கழிப்பது நின்றதா? நின்றிருந்தால் அடுத்தது -9.8 எப்படி வரும்? முடுக்கமும் அங்கே சுழியானால் கல் ஆகாயத்திலேயே நின்றுவிடும்.

மார்த்தாண்டம் மாணவி: முடுக்கம் மைனஸ் என்றால் வேகம் குறைகிறது என்றுதானே அர்த்தம்?

மேலே உள்ள வரிசையையே பாரம்மா. முடுக்கம் கடைசிவரை -9.8. மேலே போகையில் வேகம் குறைந்தது; கீழே வருகையில் கூடியது. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியாக இருந்தால் வேகம் கூடும், எதிர்க்குறியாக இருந்தால் குறையும். மைனஸ் சொல்வது திசையை மட்டும். அதனால் கணக்கைத் தொடங்கும் முன் எந்தப் பக்கம் பிளஸ் என்று ஒரு அம்புக்குறி போட்டுவிடு. நான் திருத்திய விடைத்தாள்களில் பாதித் தவறுகள் அந்த அம்புக்குறி இல்லாததால் வந்தவை.

குலசேகரம் மாணவன்: மாத்தூர் தொட்டிப்பாலத்திலிருந்து கல்லைப் போட்டால் கீழே விழ எவ்வளவு நேரமாகும்?

பாலத்தின் உயரம் 115 அடி, ஏறக்குறைய 35 மீட்டர். அதை இரண்டால் பெருக்கி, 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடு: சுமார் 2.7 நொடி. தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 26 மீட்டர், அதாவது மணிக்கு 94 கி.மீ. காற்றின் தடையை விட்டுவிட்டோம். கல்லுக்கு அது பரவாயில்லை, பலா மரத்து இலைக்குச் சரிவராது. சோதித்துப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடாதே, கீழே ஆட்கள் நடமாடுவார்கள்.

ஆரல்வாய்மொழி வாசகர்: பைக் வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் போட்டு நிற்கும் தூரமும் இரண்டு மடங்குதானே?

நான்கு மடங்கு. பிரேக் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தைக் குறைக்கிறது என்று கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. என்றால் 10 மீட்டரில் நிற்கலாம். 72 என்றால் 40 மீட்டர். நிற்கும் தூரத்துக்கான சூத்திரத்தில் வேகம் வர்க்கமாக வருகிறது. ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனால், அதற்குள்ளேயே 20 மீட்டர் போயிருக்கும், ஆக 60. மழை நேரத்தில் டயரின் பிடி குறைவதால் இன்னும் கூடும்.