ஈரோட்டிலிருந்து கோவைக்கு ஒருநாள் கலைப் பயணம்

தம்பி, ஒரே நாளில் ஐந்து கண்காட்சிகள் பார்த்து, கல்லூரிக்கு ஓவிய நோட்டும் நிரப்ப முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். ஐந்து வேண்டாம். அவினாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. அங்கேயே ஜவுளி அருங்காட்சியகமும் உண்டு. காலை முழுவதையும் அதற்கே கொடுங்கள். ஓவியங்களைப் பார்த்த கையோடு துணிப் பக்கம் போனால், பாவும் ஊடும், அதாவது நீள இழையும் குறுக்கு இழையும் சேர்ந்து ஒரு வடிவம் எப்படிப் பிறக்கிறது என்று யோசிக்கத் தோன்றும். நெசவு நம்ம ஊர்த் தொழில், அதை வரைந்து பழகுவது உங்களுக்குப் பெரிய பலம். விளக்கப் பலகைகளில் இருப்பதை எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரே பொருளை மூன்று கோணத்தில் வரையுங்கள். அப்புறம் அதே சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம். சாயங்காலம் பேரூர் கோயிலில் கனகசபை மண்டபத்துச் சிற்பங்கள். மதியம் நடை சாத்தியிருக்கும். திங்கட்கிழமை வராதீர்கள், அன்று கார் அருங்காட்சியகம் மூடியிருக்கும்.