நஞ்சையை விற்கலாம், வாய்க்காலை மூட முடியாது

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு 1 ஏக்கர் 60 சென்ட் நஞ்சை. கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைக் கால்வாய்ப் பாசனம். மேல்வயலை வாங்கியவர் மண்ணடித்து மேடாக்கி மனைக்கல் நட்டுவிட்டார். எங்கள் வாய்க்கால் மூடிக் கிடக்கிறது. கடனை அடைக்க 20 சென்ட் விற்கப் போனால் 'நஞ்சையைப் பதிய முடியாது' என்கிறார்கள். அவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?

பதில்: நஞ்சையை நஞ்சையாக விற்கத் தடை கிடையாது. அங்கீகாரம் இல்லாத மனையாக விற்பதைத்தான் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுக்கிறது. பத்திரத்தில் 'மனை', 'சதுர அடி', 'பொதுப்பாதை' என்று எழுதினால் திரும்பி வரும். சர்வே எண், நஞ்சை, சென்ட் கணக்கு என்று எழுதுங்கள். அப்படியும் மறுத்தால், 71-ஆம் பிரிவின்படி காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த உத்தரவு கையில் இருந்தால்தான் 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். வாய்ப்பேச்சை வைத்து ஒன்றும் நடக்காது. மனை விலை கிடைக்காது என்பது மட்டும் உண்மை. அந்த இழப்பை விவசாயி தலையில் கட்டிவிட்டு, சட்டம் ஈடு எதுவும் தருவதில்லை.

அவசரம் வாய்க்காலுக்குத்தான். மனு எழுதும் முன் எஃப்.எம்.பி. எனும் புல வரைபடமும், நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டு நகலும் எடுத்துப் பாருங்கள். வாய்க்காலுக்குத் தனி சர்வே எண் இருந்து 'புறம்போக்கு' என்றிருந்தால் அது அரசு நிலம்; 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றும்படி தாசில்தாரிடம் கேளுங்கள், ஒரு நகல் நீர்வளத் துறைக்கு. சர்வே எண் போடாத மனு வி.ஏ.ஓ.விடம் போய், 'பட்டா நிலத் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்க' என்ற ஒற்றை வரியோடு திரும்பும்.

உண்மையிலேயே அது மேல்வயல் பட்டாவுக்குள் ஓடும் வாய்க்கால் என்றால், 20 ஆண்டு தடையின்றித் தண்ணீர் பாய்ந்ததைக் காட்டி வசதியுரிமை, அதாவது அடுத்தவர் நிலம் வழியே தண்ணீர் கொண்டுபோகும் உரிமை, கோரலாம். ஆனால் அடைத்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். முன்சீப் கோர்ட்டில் வழக்கோடு சேர்த்து இடைக்காலத் தடையும், சர்வேயரோடு வந்து இடத்தைப் பார்க்க வக்கீல் கமிஷனரும் கேளுங்கள். ரோடு போட்ட பிறகு கமிஷனர் வந்தால் அங்கே பார்க்க வாய்க்கால் இருக்காது.

மனைக்கு வருவோம். அரசு அறிவித்த நகரமைப்புத் திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமமானால், 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் 47-ஏ பிரிவுப்படி அனுமதி வாங்காமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. நஞ்சை என்றால் கலெக்டர் ஒப்புதலும் தேவை, வேளாண் இணை இயக்குநரின் கருத்தையும் கேட்பார்கள். அனுமதி இருக்கிறதா என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். கோப்பு கலெக்டரிடம் இருக்கும்போதே ஆட்சேபனை போக வேண்டும். அதில் 'விவசாயம் பாதிக்கும்' என்று பொதுவாக எழுதாதீர்கள். மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் வடியாமல் நாற்று அழுகுவது, வயலில் நின்று கிணற்றுக்கு ஊறிய நீர் இனி ஊறாதது, கடைமடையில் எத்தனை ஏக்கர் காயும் என்பது, இவற்றைச் சர்வே எண்ணோடு எழுதுங்கள். அணையின் இரு கால்வாய்களையும் நம்பி 9,012 ஏக்கர் இருக்கிறது. உங்கள் வயல் அந்த ஆயக்கட்டில் (பாசனப் பரப்பில்) வருவதையும் சேருங்கள்.

வி.ஏ.ஓ. வைத்திருக்கும் பயிர்ப் பதிவேடான அடங்கலைக் கவனியுங்கள். சில ஆண்டு பயிர் வைக்காமல் போட்டு, 'தரிசு' என்று பதிய வைத்து, அதையே காட்டி மாற்றம் கேட்பது பழைய வேலை. பசலி (ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய் ஆண்டு) 1434, 1435 இரண்டுக்கும் உங்கள் நிலத்தில் 'நெல்' என்றே பதிவாகியிருக்கிறதா, பாருங்கள்.

வேளாண் மண்டலச் சட்டம் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020-இல் வந்த அந்தச் சட்டம் காவிரி டெல்டாவுக்கு மட்டும்தான். அங்கேயும் அது தடுப்பது உருக்காலை, எண்ணெய்க் கிணறு போன்றவற்றை, மனையை அல்ல.